கொசுவுக்கு இலாகா கிடையாது!

மாட்டுக் கொட்டத்தையும் மனுஷன் வீட்டையும் சேர்த்துப் பார்க்கிற ஏற்பாடு வேண்டும்



ஏலக்காய்க்கு விலை இல்லை, கடைமடைக்குத் தண்ணீர் இல்லை, காட்டுப்பன்றி வெள்ளாமையை அழிக்கிறது என்று எத்தனையோ நோட்டீஸ் போட்டிருக்கிறோம். இந்தத் தடவை கொசுவைப் பற்றி எழுதுகிறோம். "கொசுவுக்கெல்லாம் ஒரு நோட்டீசா?" என்று சிரிக்க வேண்டாம். ஒரு கறவை மாடு பத்து நாள் படுத்தால் அந்த மாசத்துப் பால் பணம் போச்சு. அதே வீட்டில் ஒரு ஆளும் காய்ச்சலில் படுத்தால் கூலியும் போச்சு. அப்புறம் வட்டிக்காரர் வீட்டு வாசல்தான் நமக்குக் கதி.

போன மழைக்காலத்தில் நம் சங்க உறுப்பினர் ஒருவர் வீட்டில் நடந்ததைச் சொல்கிறோம். பேர் வேண்டாம். இரண்டு கலப்பின மாடு, முக்கால் ஏக்கர் நிலம், மனைவி ஏலக்காட்டு வேலைக்கு ஜீப்பில் போகிறவர். ஐப்பசி மழை விட்டு பத்துப் பன்னிரண்டு நாள் இருக்கும். ஒரு மாட்டுக்கு உடம்பெல்லாம் புளியங்கொட்டை புளியங்கொட்டையாகக் கட்டி. கால் வீங்கிப் போச்சு. எட்டு லிட்டர் கறந்த மாடு ஒரு லிட்டருக்கு இறங்கிவிட்டது. அதே வாரம் பத்தாவது படிக்கிற பையனுக்குக் காய்ச்சல். ரத்தம் எடுத்துப் பார்த்தால் டெங்கு.

முதல் நாள் ஒரு ஆபீசில் இருந்து வந்தார்கள். கொட்டத்தில் இருந்த குளுதாடியை எட்டிப் பார்த்தார்கள். "புழு நெளியுது, அபராதம் கட்டணும்" என்று நோட்டீஸ் எழுதிவிட்டு, இருந்த தண்ணியைக் கவிழ்த்துக் கொட்டிவிட்டுப் போனார்கள். மறுநாள் இன்னொரு ஆபீசில் இருந்து மாட்டைப் பார்க்க வந்தவர், "காய்ச்சல் மாட்டுக்கு எந்நேரமும் தண்ணி நிக்கணும், தொட்டி ஏன் காலியாக் கிடக்கு?" என்று சத்தம் போட்டார். மூன்றாம் நாள் புகை மெஷின் வந்தது. அது போட்ட சத்தத்தில், கட்டியும் காய்ச்சலுமாக நின்ற மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது.

மூன்று ஆபீஸ், மூன்று நோட்டுப் புத்தகம். ஒருத்தர் எழுதியதை இன்னொருத்தர் பார்க்கவில்லை. போய்க் கேட்டோம். மூன்று இடத்திலும் ஒரே பதில்: "அது எங்க இலாகா இல்லீங்க."

கொசுவுக்கு இலாகா தெரியாது தோழர்களே! அது கொட்டத்தில் பிறந்து வீட்டுக்குள் வரும், வயலில் பிறந்து கொட்டத்துக்கு வரும். அதைத் தடுக்க வேண்டியவர்கள் மட்டும் மூன்றாகப் பிரிந்து நிற்கிறார்கள். நாம் இந்த நோட்டீசில் சொல்ல வருவது இந்த ஒன்றைத்தான். மாட்டையும் மனுஷனையும் ஒன்றாக வைத்துப் பார்க்கிற ஏற்பாடு வேண்டும். அதில் விவசாயிக்கு ஒரு நாற்காலி வேண்டும்.

எந்த நோய் யாருக்கு?

முதலில் நமக்குள் இருக்கிற குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். டீக்கடையில் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். மாட்டு அம்மை பிள்ளைக்கு ஒட்டும் என்கிறார் ஒருத்தர். டெங்கு மாட்டால் வருகிறது என்கிறார் இன்னொருத்தர். இரண்டும் தப்பு.

டெங்குவும் சிக்குன்குனியாவும் ஆடு மாட்டுக்கு வருவதில்லை. 2006-ல் சிக்குன்குனியா வந்தபோது மூட்டுவலியால் மம்பட்டி பிடிக்க முடியாமல் கிடந்தோமே, மறந்திருக்காது. அந்தக் கொசுவுக்குப் பெயர் ஏடிஸ். காலில் வெள்ளை வெள்ளையாகப் பட்டை இருக்கும். பகலில் கடிக்கும். நின்ற நல்ல தண்ணியில் முட்டை போடும். மாட்டுக்கு அந்த நோய் வராவிட்டாலும், மாட்டுக்கு வைத்த தொட்டியில் அந்தக் கொசு பிறக்கும்.

மாட்டுக்கு வருகிற தோல் கட்டி நோயை அம்மை என்கிறோம். அது மனுஷனுக்கு வராது. கொசு, கடிக்கிற ஈ, உண்ணி மூலம் மாட்டுக்கு மாடு பரவும். 2019-ல் ஒடிசாவில்தான் இந்தியாவில் முதன்முதலாகக் கண்டார்கள். 2022-ல் ராஜஸ்தான், குஜராத் என்று பரவி, அந்த ஒரே வருஷத்தில் நாடு முழுக்க ஒரு லட்சத்துக்கும் மேலான மாடுகளை அள்ளிக்கொண்டு போனது. மாட்டுக்கு வருகிற மூன்று நாள் காய்ச்சலும் கொசுவும் பொடி ஈயும் கொண்டுவருவதுதான். செம்மறி ஆட்டுக்கு வருகிற நீலநாக்கு நோயைக் கண்ணுக்கே தெரியாத பொடி ஈ பரப்புகிறது. ஈரச் சாணியிலும் சேற்றிலும் அது பெருகும். 1997-98-ல் தமிழ்நாட்டுக் கிடைகளில் அந்த நோய் கூட்டம் கூட்டமாக ஆடுகளை வீழ்த்தியது கீதாரிகளுக்கு நன்றாகத் தெரியும்.

விலங்குக்கும் மனுஷனுக்கும் பொதுவாக வருகிற கொசு நோய் என்றால் நம் பக்கத்தில் முதலில் நிற்பது ஜப்பானிய மூளைக்காய்ச்சல். அடுத்து வெஸ்ட் நைல் காய்ச்சல். இந்த இரண்டையும் கொஞ்சம் விவரமாகப் பார்க்க வேண்டும்.

மூளைக்காய்ச்சல்: தெரிந்துகொள்ள வேண்டிய கணக்கு

பேர்தான் ஜப்பான். இந்தியாவில் மனுஷனுக்கு இந்த நோய் வந்ததை முதன்முதலாகக் கண்டது 1955-ல், நம் தமிழ்நாட்டு வேலூரில். இந்தக் கிருமி கொக்கு, மடையான், நாரை போன்ற நீர்ப்பறவைகளிடம் இருக்கிறது. அங்கிருந்து கொசு அதைப் பன்றிக்குக் கொண்டுபோகிறது. பன்றிக்குப் பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. சினைப் பன்றி மட்டும் குட்டி கலைந்து போடும். ஆனால் பன்றியின் ரத்தத்தில் கிருமி பலமடங்கு பெருகிவிடும். அந்தப் பன்றியைக் கடித்த கொசு அடுத்து மனுஷனைக் கடித்தால் மனுஷனுக்கு வரும்.

கிருமி ஏறிய எல்லோரும் படுப்பதில்லை. 250 பேரில் ஒருத்தருக்குத்தான் மூளையைத் தாக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அப்படித் தாக்கினால் நூற்றுக்கு முப்பது பேர் வரை சாகிறார்கள். பிழைத்தவர்களிலும் பலருக்கு வலிப்பு, கைகால் விளங்காமை, புத்தி மந்தம் என்று ஆயுசுக்கும் நிற்கிறது. அதிகம் பாதிக்கப்படுவது பிள்ளைகள். 2005-ல் உத்தரப் பிரதேசத்தின் கிழக்கு மாவட்டங்களில், கோரக்பூர் சுற்றுவட்டாரத்தில், 5,700 பேருக்கும் மேல் மூளைக்காய்ச்சலில் படுத்து 1,300 பேருக்கும் மேல் இறந்தார்கள். பெரும்பாலும் ஏழை விவசாயக் கூலி வீட்டுப் பிள்ளைகள். அவ்வளவு சாவு விழுந்த பிறகுதான், 2006-ல், நோய் அபாயமுள்ள மாவட்டங்களில் பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போடும் இயக்கத்தை அரசு ஆரம்பித்தது. சாவு எண்ணிக்கை பார்த்துத்தான் ஊசி வரும் என்றால் அந்த வரிசையில் நம் பிள்ளைகள் நிற்க வேண்டுமா?

வெஸ்ட் நைல் காய்ச்சலும் பறவையிடமிருந்து கொசு மூலம் வருவதுதான். குதிரைக்கும் வரும். நம் ஜீப்பு தினமும் ஏறிப் போகிற கேரளத்தில் 2011-ல் ஆலப்புழையில் கண்டார்கள். 2019-ல் மலப்புரத்தில் ஆறு வயதுச் சிறுவன் ஒருவன் இறந்தான். 2024-லும் கோழிக்கோடு, மலப்புரம், திருச்சூர் பக்கம் வந்தது. எங்கேயோ இருக்கிற நோய் என்று சொல்லித் தட்டிக்கழிக்க முடியாது.

மாடு குற்றவாளி இல்லை

இப்போது ஒரு முக்கியமான விஷயம். "வீட்டு வாசல்ல மாடு கட்டுறீங்க, அதனாலதான் காய்ச்சல்" என்று நம்மைப் பார்த்துச் சொல்கிறார்களே, அது முழு உண்மையா?

மூளைக்காய்ச்சல் பரப்பும் கியூலெக்ஸ் கொசு வயலில் பிறந்து, பொழுது சாய்ந்ததும் கிளம்பும். அதற்கு மனுஷ ரத்தத்தைவிட மாட்டு ரத்தம்தான் பிடிக்கும். மாட்டை எவ்வளவு கடித்தாலும் மாட்டின் உடம்பில் அந்தக் கிருமி பெருகாது. மாட்டிடமிருந்து கொசுவுக்கு ஏறாது. கிருமிக்கு மாடு ஒரு முட்டுச்சந்து. ஆகவே மூளைக்காய்ச்சலை மாடு பரப்புகிறது என்று யாராவது சொன்னால் நேராகவே மறுத்துப் பேசுங்கள்.

அதற்காக நம் பக்கம் தப்பே இல்லை என்றும் சொல்ல மாட்டோம். மாட்டு ரத்தம் தாராளமாகக் கிடைத்தால் கொசு நிறைய முட்டை போடும், கூட்டம் பெருகும். கொட்டத்துக்குப் பக்கத்திலேயே கட்டிலைப் போட்டுத் தூங்கினால் மாட்டைத் தேடி வந்த கொசு நம்மையும் ஒரு கை பார்க்கும். கொட்டத்துக்கும் படுக்கிற இடத்துக்கும் நடுவே இடைவெளி வேண்டும், வலை வேண்டும். ஆனால் இரண்டு சென்ட் வீட்டில் இருக்கிறவன் இடைவெளிக்கு எங்கே போவான்? அதனால்தான் ஊர்ப் பொதுவில் மாட்டுக் கொட்டகைக்கு இடம் கேட்கிறோம்.

பன்றி விஷயத்திலும் நியாயமாகப் பேச வேண்டும். "பன்றி வளக்குறவனை ஊரைவிட்டுத் துரத்து" என்று சிலர் கிளம்புவார்கள். அவர்களும் நம்மைப் போல வயிற்றுக்கு உழைக்கிற ஏழைகள்தான். துரத்தினால் அடுத்த ஊரில் போய்த் திரிய விடுவார்கள், நோயும் அங்கே போகும். குடியிருப்பை விட்டுத் தள்ளி இடம் கொடு, கொசுவலை அடித்த கொட்டில் கட்டக் கடன் கொடு என்று அவர்களுக்காகவும் நாம் கேட்க வேண்டும்.

வயலில் இருக்கிறது பாதி வைத்தியம்

லோயர் கேம்ப்பில் இருந்து பழனிசெட்டிபட்டி வரை கம்பம் பள்ளத்தாக்கில் பெரியாற்றுத் தண்ணியில் 14,707 ஏக்கர் இருபோக நெல். போடிப் பக்கம் கொட்டகுடி ஆற்றுத் தண்ணியிலும் கண்மாய்த் தண்ணியிலும் நம் வயல்கள். நெல் வயலில் தேங்கிய தண்ணி கியூலெக்ஸ் கொசுவுக்குத் தொட்டில் மாதிரி. முட்டை, புழு, கூட்டுப்புழு என்று வளர்ந்து பறப்பதற்கு ஏழில் இருந்து பத்து நாள் வேண்டும். நடுவில் வயல் இரண்டு மூன்று நாள் காய்ந்தால் புழு செத்துப் போகும்.

இதைத்தானே நம் பாட்டன் 'காய்ச்சலும் பாய்ச்சலும்' என்று சொன்னான்! வயலுக்குக் காய்ச்சல் கொடுத்தால் வீட்டுக்குக் காய்ச்சல் வராது. ஒற்றை நாற்று நடவில் வேளாண் அதிகாரிகள் சொல்லிக் கொடுப்பதும் இதேதான். தண்ணி மிச்சம், தூர் கூடும், கொசுவும் குறையும்.

இது வாய்ப்பேச்சு இல்லை. 1980-களில் மத்திய அரசு மதுரையில் கொசு ஆராய்ச்சி நிலையம் ஒன்றை வைத்தது. சின்னச் சொக்கிகுளத்தில் இருக்கிற அந்த நிலையத்து விஞ்ஞானிகள் 1990-களில் நெல் வயலில் இறங்கிச் சோதனை செய்தார்கள். வேப்பம்புண்ணாக்கு கலந்த யூரியா போட்டு, கூடவே தண்ணியை விட்டு விட்டுப் பாய்ச்சினால் மூளைக்காய்ச்சல் கொசுவின் புழு நன்றாகக் குறைகிறது என்று கண்டு எழுதி வைத்தார்கள். நம் வீட்டு வேப்பமரம், நம் ஊர்ப் பழக்கம், நம் பக்கத்து மதுரையில் செய்த ஆராய்ச்சி. முப்பது வருஷமாகியும் நம் வரப்புக்கு அது வந்து சேர்ந்ததா?

ஏன் வரவில்லை என்று யோசித்தால் இன்னொரு உண்மை தெரியும். காய்ச்சலும் பாய்ச்சலும் செய்ய வேண்டுமென்றால் அடுத்த முறைத் தண்ணி என்றைக்கு வரும் என்று விவசாயிக்கு நிச்சயமாகத் தெரிய வேண்டும். வருமா வராதா என்று தெரியாதவன் கிடைத்த அன்றைக்கே வயலை நிரப்பி வரப்பைக் கட்டித்தான் வைப்பான். நாமும் அப்படித்தான் செய்கிறோம். ஒருத்தன் மட்டும் காயப் போட்டுப் பிரயோசனம் இல்லை, மடைக்குக் கீழ் உள்ள எல்லா வயலும் சேர்ந்து காய வேண்டும். ஆகவே ஒழுங்கான முறைப்பாசனமே ஒரு கொசு ஒழிப்புத் திட்டம். நீர்வளத் துறை ஷட்டர் திறக்கிற நாளுக்கும் பிள்ளையின் மூளைக்காய்ச்சலுக்கும் சம்பந்தம் இருக்கிறது என்று எந்த அதிகாரியாவது கூட்டத்தில் சொல்லக் கேட்டிருக்கிறீர்களா?

மலைமேலே

பெரியாறு அணை வேலை 1887-ல் தொடங்கி 1895-ல் முடிந்தது. அந்த வேலைக்குப் போன கூலி ஜனங்களை மலைக்காய்ச்சலும் காலராவும் வாரிக்கொண்டு போயின. 'மலைக்காற்று ஆகாது', 'மலைத்தண்ணி சேராது' என்று அப்போது சொன்னார்கள். கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியை ரொனால்ட் ராஸ் செகந்திராபாத்தில் கண்டுபிடித்தது 1897-ல், அணை திறந்து இரண்டு வருஷம் கழித்து. அன்றைக்குக் காரணம் தெரியாமல் செத்தார்கள். இன்றைக்கு எல்லாம் தெரிந்தும் நாம் படுக்கிறோம்.

கீழே ஐப்பசி கார்த்திகையில் மழை. மேலே ஏலத்தோட்டத்தில் ஆனி ஆடியிலேயே சாரல் பிடித்துவிடும். ஆகவே போடிமெட்டு ஏறி இறங்குகிறவனுக்கு வருஷத்தில் இரண்டு கொசுக் காலம். தோட்டத்தில் தண்ணி சேர்க்க வெட்டிய படுதாக் குளம், மருந்து கலக்குகிற பேரல், தூக்கி எறிந்த டப்பா, மடிந்து கிடக்கும் பிளாஸ்டிக் தாள், எல்லாவற்றிலும் தண்ணி நிற்கும், கொசு பிறக்கும். லயத்தில் தங்கி வேலை பார்க்கிறவர்களுக்கு வலை போட்ட ஜன்னல் எத்தனை இடத்தில் இருக்கிறது?

விடியுமுன் போடி, தேவாரம், கம்பத்தில் இருந்து ஜீப்பு கிளம்புகிறது. 17 கொண்டை ஊசி வளைவு ஏறிக் கேரள மண்ணில் வேலை. பொழுது சாய வீடு. இடுக்கித் தோட்டத்தில் கொசு கடித்து, போடியில் வந்து காய்ச்சலில் படுத்தால் அந்தக் காய்ச்சல் எந்த மாநிலக் கணக்கு? அங்கே கேட்டால் "தமிழ்நாட்டு ஆள்" என்பார்கள், இங்கே கேட்டால் "வேலை செஞ்ச இடத்துல வந்திருக்கும்" என்பார்கள். இரண்டு கணக்கிலும் வராத காய்ச்சலுக்கு இரண்டு அரசும் மருந்தடிக்க வராது.

வாயில்லா ஜீவன் முதலில் பேசும்

2022-ல் ஆஸ்திரேலியாவில் பன்றிப் பண்ணைகளில் குட்டிகள் செத்துப் பிறந்தன. என்னவென்று சோதித்தபோது மூளைக்காய்ச்சல் கிருமி. 80-க்கும் மேற்பட்ட பண்ணைகளில் கண்டுபிடித்தார்கள். மனுஷர்களுக்கும் வந்தது, சிலர் இறந்தார்கள். ஆனால் பன்றி காட்டிக் கொடுத்ததால் அங்கே கால்நடைத் துறையும் சுகாதாரத் துறையும் சேர்ந்து இறங்க முடிந்தது.

ஆப்பிரிக்காவில் ரிஃப்ட் பள்ளத்தாக்குக் காய்ச்சல் என்று ஒரு கொசு நோய். பெருமழை பெய்த வருஷங்களில், கென்யாவில் 1997-98-லும் 2006-07-லும் பெரிதாக வந்தது. முதலில் செம்மறி ஆடுகள் கூட்டமாகக் குட்டி கலைக்கும். அப்புறம்தான் மனுஷனுக்கு வரும். 2000-ல் கடல் தாண்டி சவுதி அரேபியாவுக்கும் ஏமனுக்கும் போனது. ஆடு குட்டி கலைப்பதைப் பார்த்த மேய்ப்பன் சொன்னதை உடனே கேட்டிருந்தால் எத்தனையோ உயிர் தப்பியிருக்கும் என்பதுதான் அங்கே கற்ற பாடம்.

அதே பாடம் நமக்கும் பொருந்தும். எந்த மாட்டுக்கு எப்போது காய்ச்சல், எந்த ஆடு குட்டி கலைத்தது, எந்தக் கண்மாய்க் கரையில் காக்கா செத்துக் கிடந்தது என்பதெல்லாம் முதலில் தெரிவது மாடு மேய்க்கிற அக்காவுக்கும் கிடை போடுகிற அண்ணனுக்கும்தான். அவர்கள் சொல்வதைக் கேட்டு எழுதிக்கொள்ள ஒரு ஆள் வேண்டும். அபராத நோட்டீசோடு வருகிறவனிடம் எவன் உண்மையைச் சொல்வான்? மாட்டுக்குக் கட்டி வந்தால் மறைத்து வைத்து, சந்தைக்குக் கொண்டுபோய்த் தள்ளிவிடத்தான் பார்ப்பான். இப்படிப் பயமுறுத்திப் பயமுறுத்தித்தான் நோயை ஊர் ஊராக ஓட்டி அனுப்புகிறார்கள்.

நம் மாவட்டத்தில் என்ன குறை? க.விலக்கில் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. தேனியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மதுரையில் கொசு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. மனுஷன், விலங்கு, சுற்றுச்சூழல் மூன்றையும் சேர்த்துப் பார்க்கத் தேசிய இயக்கம் வைத்திருப்பதாக டெல்லியில் பேசுகிறார்கள். ஆனால் இந்த மூன்று பேரும் போடியில் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து நாம் பார்த்ததில்லை.

நாம் செய்ய வேண்டியது

அரசிடம் கேட்பதற்கு முன்னால் நம் கையில் இருப்பதை நாம் செய்வோம். செய்துவிட்டுக் கேட்டால் நம் குரலுக்கு மரியாதை கூடும்.

• குளுதாடி, சிமெண்டுத் தொட்டி, பேரல் எல்லாவற்றையும் வாரம் ஒரு நாள் வடித்து, தேங்காய் நாரால் சுவரை அழுத்தித் தேய்க்க வேண்டும். ஏடிஸ் கொசுவின் முட்டை சுவரில் ஒட்டிக் காய்ந்து மாதக்கணக்கில் கிடக்கும், தண்ணி பட்டதும் பொரிக்கும். வெறுமனே கவிழ்த்தால் போதாது. மாட்டுக்குத் தண்ணியில்லாமல் போடவும் கூடாது. வெள்ளிக்கிழமை தேய்ப்பது என்று ஊர் முழுக்க ஒரே நாள் வைத்துக்கொள்வோம்.

• படுதாக் குளத்திலும் கிணற்றிலும் கப்பி மீன் விடுங்கள். புழுவைத் தின்றுவிடும்.

• சாணியைக் கொட்டத்து வாசலில் குவிக்காமல் தள்ளிக் குழியில் போட்டு மூடுங்கள். கோமியம் தேங்காமல் வாய்க்கால் வெட்டுங்கள்.

• பொழுது சாயும்போது நொச்சி, வேப்பிலைப் புகை போடுவது நல்ல பழக்கம். கொசுவைத் தள்ளி வைக்கும், ஆனால் சாகடிக்காது. புகை போட்டாலும் பிள்ளைகளை வலைக்குள் படுக்க வையுங்கள்.

• ஏலத்துக்கு அடித்து மிஞ்சிய பூச்சிமருந்தை மாட்டு மேலோ கொட்டத்திலோ அடிக்காதீர்கள்! மாடு நக்கினால் உயிருக்கு ஆபத்து. பாலிலும் இறங்கும். மாட்டுக்கு என்று உள்ள மேல்மருந்தைக் கால்நடை மருத்துவர் சொல்கிற அளவில் மட்டும் போடுங்கள்.

• தோல் கட்டி நோய்க்கு ஆட்டு அம்மைத் தடுப்பூசியைத்தான் நம் மாடுகளுக்கும் போட்டு வந்தார்கள். மழைக்கு முன்னாலேயே ஊசி போட்டுவிடுங்கள். நோய் கண்ட மாட்டைத் தனியாகக் கட்டுங்கள். சந்தைக்குக் கொண்டுபோகாதீர்கள். வெற்றிலை, மிளகு, உப்பு, வெல்லம் அரைத்துக் கொடுக்கிற நாட்டு வைத்தியத்தைக் கால்நடைப் பல்கலைக்கழகத்தாரே சொல்லிக் கொடுக்கிறார்கள், அதையும் செய்யலாம். ஆனால் ஊசிக்குப் பதில் ஆகாது. கால்நடை ஆம்புலன்சுக்கு 1962.

• பிள்ளைக்குக் கடும் காய்ச்சலோடு வாந்தி, வலிப்பு, பிதற்றல், மயக்கம் கண்டால் மந்திரிக்கப் போய் நேரத்தைக் கடத்தாதீர்கள். 108-ஐக் கூப்பிட்டு உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். டெங்குக் காய்ச்சலில் காய்ச்சல் விட்ட பிறகுதான் ஆபத்து ஆரம்பிக்கும். "காய்ச்சல் விட்டுருச்சு" என்று மறுநாளே ஜீப்பு ஏற வேண்டாம்.

• மூளைக்காய்ச்சல் தடுப்பூசி உள்ள மாவட்டங்களில் 9 மாதத்திலும், 16 முதல் 24 மாதத்துக்குள்ளும் இரண்டு தவணை போடுகிறார்கள். நம் ஊர் கிராம சுகாதாரச் செவிலியரிடம் கைக்குழந்தை அட்டையைக் காட்டிக் கேளுங்கள்.

அரசு செய்ய வேண்டியது: நம் கோரிக்கைகள்

1. போடி வட்டாரத்தில் சுகாதாரம், கால்நடை, ஊராட்சி, நீர்வளம், வேளாண்மைத் துறைகள் சேர்ந்த ஒரே குழு அமைக்க வேண்டும். மாதம் ஒரு முறை கூட வேண்டும். விவசாயிகள், தோட்டத் தொழிலாளர், மாடு வளர்க்கும் பெண்கள் தரப்பில் ஆள் இருக்க வேண்டும். கூட்ட முடிவை ஊராட்சி அலுவலகப் பலகையில் ஒட்ட வேண்டும்.

2. கால்நடைக்குக் காய்ச்சல் கண்ட ஊர் விவரம் அதே நாளில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும், மனுஷக் காய்ச்சல் விவரம் கால்நடை மருந்தகத்துக்கும் போய்ச் சேர வேண்டும்.

3. காலியாகக் கிடக்கும் கால்நடை மருத்துவர், ஆய்வாளர், சுகாதார ஆய்வாளர், கிராம செவிலியர் பணியிடங்களை நிரப்ப வேண்டும். ஆடு மாட்டுத் தடுப்பூசியை மழைக்கு முன்பே வீடு தேடி வந்து போட வேண்டும்.

4. மூளைக்காய்ச்சல் அபாயம் பற்றி நம் பள்ளத்தாக்கின் கொசு, பன்றி, நீர்ப்பறவைகளை மதுரை ஆராய்ச்சி நிலையமும் தேனி கால்நடைக் கல்லூரியும் ஒவ்வொரு மழைக்காலத்திலும் சோதித்து முடிவைத் தமிழில் வெளியிட வேண்டும். அதை வைத்துத் தடுப்பூசியை முடிவு செய்ய வேண்டும்.

5. முறைத் தண்ணி நாட்களை முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். காய்ச்சலும் பாய்ச்சலும் செய்யும் மடைகளுக்கு வேப்பம்புண்ணாக்கு மானியத்தில் வேண்டும்.

6. இடமில்லாத ஏழைகளுக்கு ஊர்ப் பொதுவில் மாட்டுக் கொட்டகையும், பன்றி வளர்ப்பவர்களுக்குத் தள்ளி இடமும் வலைக் கொட்டிலும் வேண்டும்.

7. ஜீப்புத் தொழிலாளர்களுக்காகத் தேனியும் இடுக்கியும் கூட்டுக் காய்ச்சல் கணக்கு வைக்க வேண்டும். போடிமெட்டில் காய்ச்சல் பரிசோதனை முகாம் வேண்டும். லயங்களில் ஜன்னலுக்கு வலை போடுவதைத் தோட்ட உரிமையாளர் பொறுப்பாக்க வேண்டும்.

8. முதல் தடவை தொட்டியில் புழு கண்டால் அபராதம் வேண்டாம். தேய்த்துக் காட்டு, கப்பி மீன் கொடு. 1939-ஆம் வருஷப் பொதுச் சுகாதாரச் சட்டத்தை நம் குளுதாடிக்குக் காட்டுகிறவர்கள், தூர் வாராத சாக்கடைக்கும், அரசு வளாகங்களில் மழைத்தண்ணி நிறைந்து கிடக்கும் பழைய டயருக்கும் காட்டட்டும்!

தோழர்களே!

புகை மெஷின் வந்து போனால் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். புகை பறக்கிற கொசுவைத்தான் கொல்லும். தண்ணியில் இருக்கிற புழு அடுத்த வாரம் பறக்கும். போட்டோவுக்குப் புகை அடிப்பது சுலபம். ஐந்து துறையை ஒரு மேசைக்குக் கொண்டுவருவதுதான் கஷ்டம். அந்தக் கஷ்டமான வேலையைத்தான் நாம் கேட்கிறோம்.

அந்த உறுப்பினர் வீட்டுப் பையன் பிழைத்துக்கொண்டான். மாடு பிழைக்கவில்லை. பால் பணம் நின்றது, கடன் நிற்கவில்லை. அவர் சங்கத்துக்கு வந்து கேட்டது ஒன்றுதான்: "அந்த மூணு பேரும் ஒரே நாள்ல சேந்து வந்திருந்தா என் மாடு இருந்திருக்குமா அண்ணே?" நம்மால் பதில் சொல்ல முடியவில்லை. அந்தப் பதிலை வாங்கத்தான் மனுவோடு வட்டாட்சியர் அலுவலகத்துக்குப் போகிறோம். ஊர் ஊராகக் கையெழுத்து வாங்க வருகிறோம். மாடு வைத்திருப்பவர், இல்லாதவர், மலையேறுகிறவர், வயலில் நிற்கிறவர் எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். கூடவே இந்த வெள்ளிக்கிழமை காலையில் வீட்டுத் தொட்டியையும் தேய்த்து வையுங்கள்.

மாடும் நம்ம உயிர், பிள்ளையும் நம்ம உயிர்!
பிரித்துப் பார்க்காதே, சேர்ந்து வா!
அபராதம் வேண்டாம், ஆலோசனைக் குழு வேண்டும்!
ஒன்றுபடுவோம்! போராடுவோம்!

இவண்,
செயலாளர்,
விவசாயிகள் சங்கம்,
போடிநாயக்கனூர் வட்டாரம்.